வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: தலைமையாசிரியரின் நோட்டும் 2019ஆம் ஆண்டும்

திருநெல்வேலியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைக்கும் வழக்கமுடையவர். 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை உலகில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களைப் பற்றி அவர் ஒட்டிவைத்த பக்கங்களின் நகல் சில வாரங்களுக்கு முன் நமக்கு வந்தது. அதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி, அந்த ஆண்டு குறித்து வாசகர்களின் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நைரோபி, ஜோலோ, புல்வாமா, கிறைஸ்ட்சர்ச், கொழும்பு, எல் பாசோ, காபூல், ஹாலே, லண்டன், மொகதிசு என்று என் நோட்டில் அந்த ஓர் ஆண்டே பதினான்கு பக்கங்களைப் பிடித்துக்கொண்டது. உலகம் அதற்கு முன் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை என்று நான் முடிவுகட்டினால் அது சரியாகுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி

பதில்: சரியாகாது, ஐயா. சிட்னியிலுள்ள பொருளாதார மற்றும் அமைதிக்கான நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் உலகப் பயங்கரவாதக் குறியீட்டின்படி, 2019இல் பயங்கரவாதத்தால் இறந்தவர்கள் 13,826 பேர். முந்தைய ஆண்டைவிட இது 15 விழுக்காடு குறைவு. ஈராக்கிலும் சிரியாவிலும் இஸ்லாமிய அரசு எனப்படும் ஐ.எஸ். அமைப்பு ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்த 2014இல் இந்த எண்ணிக்கை 33,000த்தைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாகச் சரிவு. ஐ.எஸ். தன் கையில் வைத்திருந்த கடைசி நிலப்பகுதியான சிரியாவின் பாகூஸ் 2019 மார்ச் 23 அன்று வீழ்ந்தது. அதன் தலைவர் அபூ பக்கர் அல் பக்தாதி அக்டோபர் இறுதியில் அமெரிக்கப் படையினரின் நடவடிக்கையின்போது இறந்தார். கணக்கை மட்டும் பார்த்தால் அது தணிந்துவந்த ஆண்டு.

ஆனாலும் தங்களுக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. தாங்கள் ஒட்டிவைத்தவை தாக்குதல்கள் அல்ல, தாக்குதல்களைப் பற்றி நம் நாளிதழ்கள் அச்சிட்ட செய்திகள். இரண்டும் வேறு. தங்கள் பக்கங்களை இருமுறை புரட்டினேன். புர்கினா பாசோ என்ற நாட்டின் பெயர் அவற்றில் ஒருமுறைகூட வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள அந்த ஏழை நாட்டில் பயங்கரவாதத்துக்குப் பலியானோர் தொகை 2018இல் 86 ஆக இருந்தது, 2019இல் 593 ஆக உயர்ந்ததென்று அதே குறியீடு சொல்கிறது. நவம்பர் 6 அன்று அங்கே தங்கச் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற பேருந்துகளை மறித்துச் சுட்டதில் 37 பேருக்கு மேல் இறந்தார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அர்பிண்டா என்ற ஊரில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 35 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாறாக, நவம்பர் 29 அன்று இருவர் கொல்லப்பட்ட லண்டன் பாலத்துச் சம்பவத்துக்குத் தங்கள் நோட்டில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. குறையை நோட்டின்மேல் சுமத்துவது முறையாகாது. அச்சிடாத செய்தியை யாரால் கத்தரிக்க முடியும்?

கேள்வி: அந்த 13,826 என்ற எண்ணை யார், எப்படி எண்ணுகிறார்கள்? ஒற்றை இலக்கம் வரைக்கும் துல்லியமாக இருப்பதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.
– புள்ளியியல் மாணவி, மதுரை

பதில்: சந்தேகம் நியாயமானது. இந்தக் குறியீடு அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் பராமரித்துவந்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தை நம்பியிருந்தது. அத்தளத்துக்கு மூலம், பெரும்பாலும், வெளியான ஊடகச் செய்திகள். ஒரு சம்பவம் பதிவாக வேண்டுமானால் அது வேண்டுமென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வன்முறையோ வன்முறை மிரட்டலோ இருக்க வேண்டும். செய்தவர்கள் அரசு சாராதவர்களாக இருக்க வேண்டும். அவற்றோடு, அரசியல், மதம், சமூகம் சார்ந்த நோக்கமும், நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்பால் இன்னொரு கூட்டத்துக்குச் செய்தி சொல்லும் எண்ணமும் கணக்கில் வருகின்றன. இறந்தவர் எண்ணிக்கையில் தாக்கியவரும் சேர்க்கப்படுவதுண்டு.

ஒரே நாட்டை இருவர் எண்ணினால் என்ன ஆகிறது என்பதற்கு ஆப்கானிஸ்தானைவிட நல்ல உதாரணம் இல்லை. 2019இல் அங்கே பயங்கரவாதத்தால் இறந்தோர் 5,725 பேர், அதாவது உலகத் தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று மேல், என்கிறது குறியீடு. அதே ஆண்டில் அங்கே கொல்லப்பட்ட பொதுமக்கள் 3,403 பேர், காயமுற்றோர் 6,989 பேர் என்கிறது ஐ.நா.வின் ஆப்கானிஸ்தான் உதவிக் குழு. இரண்டில் ஒன்று பொய் என்று எண்ண வேண்டாம். குறியீட்டில் காவல்துறையினரும் படையினரும் தாக்கியவர்களும் கலந்திருக்கிறார்கள், ஐ.நா. பொதுமக்களை மட்டுமே எண்ணுகிறது, ஆனால் அரசுப் படைகளும் பன்னாட்டுப் படைகளும் வானிலிருந்து போட்ட குண்டுகளால் இறந்தவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. காபூலில் கணவனை இழந்த பெண்ணுக்கு இந்த வேறுபாட்டால் எந்தப் பயனும் இல்லை என்பது வேறு விஷயம். புள்ளியியல் படிக்கும் தாங்கள் இறுதி இலக்கத்தின் துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, எந்தக் கேள்விக்கு விடையாக அந்த எண் பிறந்தது என்பதைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: தீவிரவாதம், பயங்கரவாதம் இரண்டும் ஒன்றா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ஒன்றல்ல, ஆனால் நம் செய்தித்தாள்கள் ஒன்றாக்கிவிட்டன. தீவிரவாதம் என்பது ஒரு கொள்கையை எல்லைவரை கொண்டுசெல்லும் போக்கு; அது சொல்லிலும் எழுத்திலும் நின்றுவிடலாம். பயங்கரவாதம் என்பது அச்சத்தை விளைவிப்பதற்காகக் கையாளும் வன்முறை. இந்தப் பகுதியில் இரண்டாவது சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: புல்வாமாவில் இறந்தவர்கள் ஆயுதம் தாங்கிய படையினர். அதைப் பயங்கரவாதம் என்று சொல்வதா, போர்த் தாக்குதல் என்று சொல்வதா? எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரும் அதில் இறந்தார் என்பதால் கேட்கிறேன்.
– விவசாயி, அரியலூர்

பதில்: 2019 பிப்ரவரி 14 அன்று ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், வெடிபொருள் ஏற்றிய கார் ஒன்று மத்திய ரிசர்வ் காவல் படையின் வாகன வரிசையில் வந்து மோதியதில் 40 பேர் இறந்தார்கள். அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் அவர்களில் இருந்தார்கள். பாகிஸ்தானிலிருந்து இயங்கும் ஜெய்ஷ்-இ-முகமது அதற்குப் பொறுப்பேற்றது. அதன் தலைவர் மசூத் அசாரை, பல ஆண்டுகளாகச் சீனா தடுத்துவந்த பிறகு, மே 1 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் குழு தடைப் பட்டியலில் சேர்த்தது.

தங்கள் கேள்விக்கு உலகம் ஒத்துக்கொண்ட விடை இல்லை. சர்வதேசப் பயங்கரவாதம் பற்றிய முழுமையான உடன்படிக்கைக்கான வரைவை இந்தியா 1996இலேயே ஐ.நா.வில் முன்வைத்தது; அது இன்னும் நிறைவேறவில்லை. விடுதலைப் போராட்டம் என்று சொல்லிக்கொள்வோரை என்ன செய்வது, அரசுகளின் படைகள் செய்யும் கொலைகளை என்ன செய்வது என்ற இரண்டு இடங்களில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்கிறது. என் கருத்தைக் கேட்டால், புல்வாமாவைப் பயங்கரவாதம் என்றே சொல்வேன். விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பேருந்துகளில் இருந்தார்கள்; அவர்கள் எந்தச் சண்டையிலும் ஈடுபட்டிருக்கவில்லை. அந்தக் குண்டின் குறி அந்தப் பேருந்தோடு நிற்கவுமில்லை. பன்னிரண்டு நாளில் இந்திய விமானங்கள் பாகிஸ்தானிலுள்ள பாலகோட்டுக்குச் சென்று தாக்கியதும், அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகள் மோதலின் விளிம்புக்கு வந்ததும் அதற்குச் சான்று. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

கேள்வி: உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) தாக்குதல் நடந்த காலையில் நான் சீயோன் தேவாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தேன். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு தெரிந்திருந்தது? ஏன் ஒருவரும் அசையவில்லை?
– ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டும்.

2019 ஏப்ரல் 21 அன்று காலை ஏறத்தாழ 8.45 மணி தொடங்கி, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், கொழும்பின் மூன்று நட்சத்திர விடுதிகள், தங்கள் ஊரின் சீயோன் தேவாலயம் என்று ஆறு இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் அன்றே மேலும் இரண்டு வெடித்தன. செய்தவர்கள் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிமின் தலைமையில் இயங்கிய, ஐ.எஸ். கொள்கையை ஏற்ற குழுவினர். ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் சீயோனில் இறந்ததைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்திருந்தது எவ்வளவு? ஏறக்குறைய எல்லாமே. ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் தந்தது. சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் குறியாகலாம் என்பதும் இருந்தது. கோயம்புத்தூரில் தேசியப் புலனாய்வு முகமை விசாரித்த ஒரு வழக்கில் கிடைத்த காணொளிகளே சஹ்ரானைக் காட்டிக்கொடுத்த தொடக்கப் புள்ளி என்று அப்போது செய்திகள் வெளியாயின. ஏப்ரல் 9 அன்று தகவல் எழுத்து வடிவில் நாட்டின் காவல்துறைத் தலைவரான பொலிஸ் மா அதிபருக்குச் சென்றது. ஏப்ரல் 11 அன்று ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் அதை முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு அனுப்பினார். பிரமுகர்களுக்குப் போனது, தேவாலயங்களுக்குப் போகவில்லை என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஏப்ரல் 16 அன்று காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்கவைத்து ஒத்திகை பார்த்தார்கள். தாக்குதலுக்கு முந்தைய நாளும், அன்று காலையிலும்கூட இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது.

இவையெல்லாம் வெளிநாட்டுத் தகவலும் கடைசி நேரத் தடயமும். அதற்கு முன்பே உள்நாட்டில் கண்ணுக்கெதிரே கிடந்தவை வேறு. 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணை 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருளுக்கு இட்டுச்சென்றது. அதற்கும் முன்னால் காத்தான்குடி முஸ்லிம்களே சஹ்ரானின் பேச்சுகளைப் பற்றிக் காவல்துறையிடம் முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கு நடந்த கைகலப்புக்குப் பின் அவர் தலைமறைவாகத்தான் இருந்தார்.

ஏன் அசையவில்லை என்பதற்கு விடை கொழும்பின் அரசியலில் இருக்கிறது. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார். நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகு டிசம்பரில் ரணில் மீண்டும் பிரதமரானார். அதன்பின் இருவரும் ஒரே அரசில் இருந்துகொண்டே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலை. தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தம்மை அழைப்பதில்லை என்று பிரதமர் சொன்னார். பாதுகாப்பு அமைச்சும் காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சும் ஜனாதிபதியின் கையில் இருந்தன. எச்சரிக்கைக் கடிதம் தம்மிடம் காட்டப்படவில்லை என்றார் ஜனாதிபதி. தாக்குதல் நடந்த காலையில் அவர் சிங்கப்பூரில் இருந்தார். மாமியார், மருமகள் சண்டையில் அடுப்பில் வைத்த பாலை யாரும் பார்க்கவில்லை என்பார்களே, அதைப் போன்றது. ஆனால் பொங்கி வழிந்தது பாலல்ல.

இதையெல்லாம் ஊகமாகச் சொல்லவில்லை. இலங்கையில் உயர் நீதிமன்றம் என்று அழைக்கப்படும் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோரும் மற்றவர்களும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. சிறிசேன 10 கோடி ரூபாயும், அப்போதைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவரும் தலா 7.5 கோடி ரூபாயும், பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி ரூபாயும், தேசிய புலனாய்வுத் தலைவர் 1 கோடி ரூபாயும் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. உளவுத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு செயலற்று இருந்ததற்காக, முன்னாள் நாட்டுத் தலைவர் ஒருவரின் சொந்தப் பையிலிருந்து பணம் எடுக்கச் சொன்ன தீர்ப்புகள் உலகில் அரிது. அதிகாரிகள் செய்த தவறுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து, அதாவது பாதிக்கப்பட்டவர்களின் வரிப்பணத்திலிருந்தே, இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடிக்கும் நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: முஸ்லிம் செய்தால் பயங்கரவாதி, மற்றவர் செய்தால் மனநோயாளி அல்லது துப்பாக்கி நபர். பத்திரிகைகள் இப்படித்தானே எழுதுகின்றன? தங்கள் இதழும் விதிவிலக்கா?
– பேக்கரி நடத்துபவர், கோயம்புத்தூர்

பதில்: எங்கள் இதழும் விதிவிலக்கல்ல. பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சஸின் எல் பாசோ நகரத்து வால்மார்ட் கடையில் ஒருவன் மெக்சிகோ வம்சாவளியினரைத் தேடிச் சுட்டுக் கொன்றதை “துப்பாக்கிச் சூடு” என்றும், இரண்டு வாரம் கழித்துக் காபூல் திருமண மண்டபத்தில் நடந்ததை “பயங்கரவாதத் தாக்குதல்” என்றும் தலைப்பிட்டிருக்கிறோம். எல் பாசோக்காரன் சுடுவதற்குச் சற்று முன் இணையத்தில் அறிக்கை ஒன்று வெளியிட்டு, ஹிஸ்பானியர்கள் டெக்சஸ் மீது படையெடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அரசியல் நோக்கமும், ஒரு சமூகத்தையே அச்சுறுத்தும் எண்ணமும் வெளிப்படையாக இருந்தன. அமெரிக்கச் சட்டத்தில் உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்கு வரையறை உண்டு, அந்தப் பெயரில் தனிக் குற்றப் பிரிவு இல்லை. எனவே மத்திய நீதிமன்றத்தில் அவன்மீது வெறுப்புக் குற்ற வழக்கே நடந்து, 2023இல் 90 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஆனால் அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு இருந்த சட்டச் சிக்கல் எங்கள் தலைப்பு எழுதியவருக்கு இல்லை.

அந்த ஆண்டில் இவை தனித்தனித் தீப்பொறிகளும் அல்ல. மார்ச் 15, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்து அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் பள்ளிவாசலிலும் ஆஸ்திரேலியன் ஒருவன் சுட்டதில் 51 பேர் இறந்தார்கள். அவர்களில் இந்தியர் ஐவர். அவனைப் புகழ்ந்துகொண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவின் பவே நகரத்து யூதர் ஆலயத்தில் ஒருவனும், ஆகஸ்டில் எல் பாசோவில் ஒருவனும், அதே மாதம் நார்வேயில் ஒரு பள்ளிவாசலில் ஒருவனும் தாக்குதலில் இறங்கினார்கள். நார்வேயில் உள்ளே இருந்த வயதான தொழுகையாளிகள் அவனை மடக்கிப் பிடித்தார்கள். அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதர்களின் புனித நாளில் ஆலயத்துக்குள் புக முயன்றவனை உறுதியான ஒரு கதவு தடுத்தது. உள்ளே ஐம்பது பேர் வரை இருந்தார்கள். அவன் வெளியே இருவரைக் கொன்றான். மொழியும் நாடும் வேறுபட்ட இந்த ஐவருக்கும் பாடம் ஒன்றே. வெளியிலிருந்து வருபவர்கள் வெள்ளையரை இல்லாமல் செய்துவிடுவார்கள் என்ற கற்பனை.

கேட்டவர் அறிந்திருப்பார், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஐ.எஸ்., சோமாலியாவின் அல் ஷபாப், நைஜீரியாவின் போகோ ஹராம் போன்ற அமைப்புகள் கொன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. சஹ்ரானின் குடும்பத்தார் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீட்டைப் பற்றி ஏப்ரல் 26 அன்று காவல்துறைக்குத் துப்புக் கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம்கள்தாம். அதற்குப் பின்பும் மே மாதத்தில் குருநாகல் பகுதியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

கேள்வி: கிறைஸ்ட்சர்ச் காணொளி அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்தது. சித்தப்பா அனுப்பினார். நான் பார்க்கவில்லை, கோழைத்தனம் என்று கிண்டல் செய்தார்கள். பார்ப்பது தவறா?
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: தாங்கள் செய்ததே சரி. கொலைகாரன் தலையில் கேமரா மாட்டிக்கொண்டு 17 நிமிடம் முகநூலில் நேரலை செய்தது, அந்தக் கொலைகளைப் போலவே திட்டமிட்ட செயல். நேரலையைப் பார்த்தவர்கள் இருநூறுக்கும் குறைவு என்று முகநூல் நிறுவனமே சொன்னது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அது நீக்கிய அல்லது ஏற்றும்போதே தடுத்த பிரதிகள் 15 லட்சம். இருநூறைப் பதினைந்து லட்சமாக்கியவன் கொலைகாரன் அல்லன். தங்கள் சித்தப்பாவைப் போன்றவர்கள். அவரிடம் இதைக் காட்டலாம்.

நியூசிலாந்தில் அந்தக் காணொளியை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம். பகிர்ந்து சிறைக்குச் சென்றவர்கள் உண்டு. அவன் பெயரை ஒருபோதும் உச்சரிக்க மாட்டேன் என்று பிரதமர் ஜசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நானும் இந்தப் பகுதியில் அதையே பின்பற்றியிருக்கிறேன். ஒரு மாதம் முடிவதற்குள் அங்கே பாதித் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்யும் சட்டம் 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. பரோலே கிடையாது என்ற ஆயுள் தண்டனை அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக அவனுக்கு 2020 ஆகஸ்டில் விதிக்கப்பட்டது. பின்னர் விசாரித்த அரச ஆணையம், உளவு அமைப்புகள் தம் கவனத்தை இஸ்லாமியத் தீவிரவாதத்தின்மேல் பொருத்தமற்ற அளவில் குவித்திருந்ததையும், அவனுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுத்ததில் காவல்துறை விதிகளைச் சரியாகப் பின்பற்றாததையும் எழுதிவைத்தது.

கேள்வி: கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கவே கொழும்பில் குண்டு வைத்தார்கள் என்பது உண்மையா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: இலங்கையின் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தன இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் அப்படிச் சொன்னார். நியூசிலாந்து அரசு, அதற்கான உளவுத் தகவல் எதையும் தான் பார்க்கவில்லை என்றது. வனாத்தவில்லுவில் வெடிபொருள் பிடிபட்டது ஜனவரியில். கிறைஸ்ட்சர்ச் நடந்தது மார்ச்சில். தேதிகளை அடுக்கினாலே விடை கிடைத்துவிடும். ஏப்ரல் இறுதியில் ஐந்தாண்டுக்குப் பிறகு காணொளியில் தோன்றிய பக்தாதியின் குரல் பதிவுகூடக் கொழும்பை பாகூஸ் வீழ்ச்சிக்கான பழிவாங்கல் என்றுதான் சொந்தம் கொண்டாடியது.

கேள்வி: என் மகன் நைரோபியில் ஒரு மருந்து நிறுவனத்தில் பணியாற்றுகிறான். ஜனவரியில் அங்கே விடுதி வளாகத்தில் நடந்த தாக்குதலைத் தலைமையாசிரியரின் பட்டியலில் பார்த்தவுடன் மனம் கலங்கிவிட்டது. திரும்பி வரச் சொல்லட்டுமா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: வேண்டாம், அம்மா. 2019 ஜனவரி 15 அன்று நடந்த அந்தத் தாக்குதலில் அல் ஷபாப் 21 பேரைக் கொன்றது. பல லட்சம் பேர் வாழும் நகரம் அது. மகனிடம் சாலையைக் கடக்கும்போதும் மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறும்போதும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். அதுவே அவருக்குப் பெரிய ஆபத்து.

கேள்வி: காபூல் திருமண மண்டபக் குண்டுவெடிப்பு நம் நாளிதழில் ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் அறுபது பேருக்கு மேல். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்திருந்தால் எத்தனை பக்கம் போட்டிருப்பார்கள்?
– சமையல் ஒப்பந்தக்காரர், கும்பகோணம்

பதில்: கல்யாண மண்டபத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர் கேட்ட கேள்வி, அதனால் அந்த இரவை முழுமையாகச் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. காபூலின் மேற்குப் பகுதியில் ஷியா பிரிவினரான ஹசாராக்கள் மிகுதியாக வாழும் இடத்தில் ஒரு பெரிய மண்டபம். பணக்காரரல்லாத குடும்பத்துக் கல்யாணம். ஆயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அங்குள்ள வழக்கப்படி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம். ஆண்களின் கூடத்தில், இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்த மேடைக்கு அருகே, சாப்பாடு தொடங்கவிருந்த நேரத்தில் ஒருவன் தன்னையே வெடிக்கவைத்தான். ஐ.எஸ். அமைப்பின் ஆப்கானிஸ்தான் பகுதிக் கிளையான கொராசான் கிளை பொறுப்பேற்றது. தாலிபான்கள் கண்டனம் தெரிவித்தார்கள். அப்போது அவர்கள் அமெரிக்காவோடு பேச்சு நடத்திக்கொண்டும், வேறு இடங்களில் குண்டு வைத்துக்கொண்டும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆப்கானிஸ்தானின் நூறாவது சுதந்திர தினம். மணமகன் பிழைத்தான், தன் வாழ்வில் இனி மகிழ்ச்சி இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னான்.

ஒரு பத்தியில் முடிந்ததற்குக் காரணம் கொடுமை அல்ல, பழக்கம். எங்கே சாவு செய்தியாக இல்லாமல் வானிலை அறிக்கையைப் போல ஆகிவிடுகிறதோ, அங்கே ஆசிரியர் குழு இடத்தைச் சுருக்குகிறது. நானும் அந்த மேசையில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். “காபூலா? எத்தனை?” என்று கேட்டுவிட்டு, எண்ணுக்கு ஏற்பப் பத்தி ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: என் நோட்டிலுள்ள எண்களில் எவை தவறு என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். ஒட்டிய செய்திகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா?
– மீண்டும் திருநெல்வேலி தலைமையாசிரியர்

பதில்: கிழிக்க வேண்டாம், ஐயா, ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். கிறைஸ்ட்சர்ச் பக்கத்தில் 49 என்று இருக்கிறது. அது முதல் நாள் எண். இரண்டு நாளில் 50 ஆனது. மே மாதத் தொடக்கத்தில் மருத்துவமனையில் ஒருவர் இறந்து 51 ஆனது. இலங்கைப் பக்கத்தில் 359 என்ற தலைப்பு இருக்கிறது. ஏப்ரல் 25 அன்று அதிகாரிகள் அதை ஏறத்தாழ 253 எனக் குறைத்தார்கள். சிதைந்த உடல்களை இருமுறை எண்ணிவிட்டதாக விளக்கம் சொன்னார்கள். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து இன்று பெரும்பாலும் 269 என்றே குறிப்பிடப்படுகிறது. காபூல் பக்கத்திலுள்ள 63 மறுநாள் அறிவிக்கப்பட்டது. காயம்பட்டவர்கள் ஒவ்வொருவராக இறந்ததில் அது தொண்ணூறைத் தாண்டியது, ஆனால் அதை நம் நாளிதழ்கள் அச்சிட்டதாக நினைவில்லை. சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் டிசம்பர் 28 அன்று சோதனைச் சாவடியில் லாரி வெடித்ததில் இறந்தவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் பலர் உட்பட, எண்பதுக்கும் மேல்.

எல் பாசோ பக்கத்தில் 20 என்று ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாளில் அது 22 ஆனது. கடைக்கு வெளியே, மகளின் கால்பந்து அணிக்காக நிதி திரட்டிக்கொண்டு நின்ற ஒரு தந்தை, ஏறத்தாழ ஒன்பது மாதம் மருத்துவமனையிலேயே கிடந்து 2020 ஏப்ரல் இறுதியில் இறந்தார். அந்த எண் 23. தங்கள் 2019 நோட்டில் அதற்கு இடமில்லையென்றால், 2020க்கான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.